கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வாருங்கள்

மதுரையில் தனியாக அலுவலகம் வைத்து, குடும்ப வழக்குகளும் சிறு வியாபாரிகளின் வழக்குகளும் நடத்தும் வழக்கறிஞர் ஒருவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். கேட்டவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

வக்கீலம்மா, உங்கள் போன் நம்பரையும் ஆபீஸ் விலாசத்தையும் ஏன் போடுவதில்லை? நேரில் வந்து பார்க்கலாம் என்று நினைத்தேன்.
வாசகர், சிம்மக்கல்

போடக்கூடாது என்பது விதி. வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்து ஆள் சேர்க்கக் கூடாது என்று இந்திய பார் கவுன்சில் விதிகளில் 36வது விதி சொல்கிறது. பெயர்ப் பலகைகூட அளவாகத்தான் இருக்க வேண்டும். அதனால் இந்தப் பக்கத்தில் நான் வெறும் வக்கீலம்மாதான், அதுவே எனக்குப் போதும்.

நேரில் பார்க்க வேண்டும் என்றால் உங்கள் தெருவிலேயே, உங்கள் சொந்தத்திலேயே யாராவது ஒரு வக்கீலிடம் போயிருப்பார்கள், அவர்களைக் கேளுங்கள், "ஜெயிச்சாரா" என்று கேட்காமல் "போன் எடுத்தாரா, வாய்தா தேதி சொன்னாரா, என்ன நடக்குதுன்னு விளங்க வச்சாரா" என்று கேளுங்கள். வசதி இல்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100 என்ற எண்ணுக்குப் போன் போடுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்றாலும் இலவச வக்கீல் உண்டு. இது 1987ஆம் வருஷச் சட்டம் கொடுத்த உரிமை. கேட்டு வாங்குவதில் கூச்சமே வேண்டாம்.

கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம். சரக்கு எடுத்த ஒருவர் 2,80,000 ரூபாய் பாக்கிக்குச் செக் கொடுத்தார். பணம் இல்லை என்று திரும்பி வந்துவிட்டது. "தை பொறக்கட்டும் அண்ணாச்சி, தந்துடுறேன்" என்கிறார். பழகிய ஆள். பொறுத்துப் பார்க்கலாமா?
வாசகர், மதுரை

பொறுக்கலாம், ஆனால் நோட்டீஸ் அனுப்பிவிட்டுப் பொறுங்கள். செக் வழக்கு என்பது முழுக்க நாள் கணக்கு. பேங்க் கொடுக்கும் ரிட்டர்ன் மெமோ மூலம் விஷயம் உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து 30 நாளைக்குள் எழுத்தில் நோட்டீஸ் போயிருக்க வேண்டும். அது அவர் கைக்குக் கிடைத்ததிலிருந்து பணம் கட்ட அவருக்கு 15 நாள். அப்போதும் கட்டவில்லை என்றால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார். மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138வது பிரிவு இது. இரண்டு வருஷம் வரை ஜெயில், இல்லை செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், இல்லை இரண்டும். புகார் போடத் தாமதமானால் காரணம் சொல்லிக் கோர்ட்டைக் கேட்க வழி இருக்கிறது, நோட்டீஸ் தாமதத்துக்கு அந்த வழி இல்லை. தை வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் தை வரும், 30 நாள் போயிருக்கும். ஏற்கனவே போய்விட்டதா? செக்கில் போட்ட தேதியிலிருந்து மூன்று மாதம் முடியவில்லை என்றால் மறுபடி பேங்கில் போடுங்கள், மறுபடி திரும்பினால் அன்றிலிருந்து புதுக் கணக்கு.

நோட்டீஸ் அனுப்பினால் பழக்கம் முறிந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள். நான் பார்த்த வரையில் நோட்டீஸ் போன பிறகுதான் பலர் உட்கார்ந்து ஒழுங்காகத் தவணை பேசுகிறார்கள்.

புரோநோட்டு வைத்திருப்பவர்களுக்கும் இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு பெரியவர் ஒன்றரை லட்சத்துக்கு எழுதி வாங்கிய புரோநோட்டோடு வந்தார், சட்டைப் பையிலேயே வைத்து வைத்து மடிப்பில் கிழிந்து, பின்னால் செல்லோ டேப் ஒட்டியிருந்தது. முன்பக்கம் எல்லாம் சரி. தொகை, வட்டி, ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் குறுக்கே கையெழுத்து. தேதியைப் பார்த்தேன், மூன்று வருஷம் முடிந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் நீல மையில் "வரவு ரூ.5,000" என்று எழுதி, மூன்று வருஷத்துக்கு உள்ளேயே ஒரு தேதி. எனக்கு உயிர் வந்தது. ஆனால் அந்த எழுத்து யாருடையது என்று கேட்டால், "நான்தாம்மா எழுதினேன், எனக்கு ஞாபகத்துக்கு" என்றார். கடன் வாங்கியவர் கையால் எழுதியிருக்க வேண்டும், அல்லது அவர் அதன் கீழே கையெழுத்தாவது போட்டிருக்க வேண்டும், அப்போதுதான் அந்த வரவு தேதியிலிருந்து இன்னொரு மூன்று வருஷம் கிடைக்கும், காலவரையறைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஐயாயிரம் கொடுக்க வந்த அன்று அவர் பக்கத்திலேயே நின்றிருக்கிறார், பேனாவை அவரிடம் நீட்டியிருந்தால் போதும். அந்தத் தாளை நான் அவரிடம் திருப்பிக் கொடுத்தது இன்னும் மனசில் இருக்கிறது. வீட்டில் புரோநோட்டு இருப்பவர்கள் இன்று இரவே எடுத்துத் தேதியைப் பாருங்கள்.

எனக்கு 1984-ல் கல்யாணம். அப்பா 1998-ல் தவறிவிட்டார். உசிலம்பட்டிப் பக்கம் பூர்வீகப் புஞ்சை இருக்கிறது. "எண்பத்தொன்பதுக்கு முன்னால கல்யாணம் முடிஞ்ச பொண்ணுக்குப் பங்கு கிடையாது" என்று அண்ணன்கள் சொல்கிறார்கள். இப்போது, "பட்டா மாத்தணும், ஒரு கையெழுத்துதான், ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வந்துட்டுப் போ" என்கிறார்கள். போகலாமா?
வாசகி, உசிலம்பட்டி அருகே

அம்மா, முதலில் இதைக் கவனியுங்கள். பட்டா மாற்றுவது தாலுகா ஆபீஸ் வேலை. ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துக் கேட்டால் அது பெரும்பாலும் விடுதலைப் பத்திரமாகத்தான் இருக்கும், அதாவது உங்கள் பங்கை நீங்களே விட்டுக்கொடுக்கிறீர்கள் என்று எழுதிய தாள். படித்துப் பார்க்காமல் போகாதீர்கள். பத்திர நகலை ஒரு வாரம் முன்னால் கொடுங்கள் என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

அண்ணன்கள் சொல்வது பழைய கதை. 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டில் ஒரு திருத்தம் வந்தது, அன்றைக்குக் கல்யாணம் ஆகாத பெண்களுக்கு மட்டும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று. ஊர்ப்பக்கம் அதோடு நின்றுவிட்டார்கள். அப்புறம் 2005 செப்டம்பர் 9-ல் மத்திய அரசின் இந்து வாரிசுரிமைச் சட்டமே மாறியது, கல்யாணம் ஆனதா ஆகாததா என்ற பேச்சே அதில் இல்லை. அப்பா அதற்கு முன்னாலேயே இறந்துவிட்டாரே என்று ஒரு சந்தேகம் பல வருஷம் கோர்ட்டுகளில் ஓடியது. 2020 ஆகஸ்ட் 11-ல் வினீதா சர்மா வழக்கில் சுப்ரீம் கோர்ட் அதற்கும் முடிவு சொல்லிவிட்டது: மகளின் உரிமை பிறப்பாலேயே வருகிறது, அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று அவசியம் இல்லை. அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்து ஏதும் இருந்து உயிலும் இல்லை என்றால், அதில் மகன், மகள், மனைவி எல்லோருக்கும் சம பங்கு என்பது 1956-லிருந்தே இருக்கிறது.

ஒரே ஒரு இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். 2004 டிசம்பர் 20-க்கு முன்னாலேயே ரிஜிஸ்டர் செய்த பாகப்பிரிவினைப் பத்திரமோ கோர்ட் தீர்ப்போ இருந்தால் அதைத் தொட முடியாது, அதற்கு முன் விற்றுப்போனதையும் கேட்க முடியாது. அதனால் வில்லங்கச் சான்றை அப்பா காலத்திலிருந்து போட்டுப் பாருங்கள், பதிவுத்துறை இணையதளத்திலேயே எடுக்கலாம், பக்கத்து இ-சேவை மையத்தில் கேட்டால் உதவுவார்கள். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் வாய்வார்த்தையாகப் பிரித்தோம் என்று இப்போது சொன்னால் அதைக் கோர்ட் லேசில் ஏற்காது. சிட்டா, அப்பாவின் இறப்புச் சான்று, தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்று, இவ்வளவும் கையில் இருந்தால் எந்த வக்கீலும் பத்து நிமிஷத்தில் உங்கள் நிலைமையைச் சொல்லிவிடுவார்.

பங்கு கேட்டால் பிறந்த வீடு போய்விடும், பேத்தி காதுகுத்துக்குத் தாய்மாமன் வீட்டுச் சீர் வராது, இந்தப் பயம் எனக்குத் தெரியும், என் முன்னால் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இதைச் சொல்லாத அக்கா தங்கச்சி குறைவு. அண்ணன்களுக்கு விட்டுக்கொடுக்க உங்களுக்கு மனசு இருந்தால் தாராளமாகக் கொடுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் எவ்வளவு நிலம், இன்றைய விலை என்ன, எதை விடுகிறோம் என்று தெரிந்து கொடுங்கள். பேசித் தீர்க்கலாம் என்றால் மாவட்ட நீதிமன்றத்தில் சமரச மையம் இருக்கிறது, லோக் அதாலத்தும் இருக்கிறது, அங்கே முடிந்ததற்கு மேல் அப்பீல் கிடையாது, பகையும் அங்கேயே முடியும்.

கப்பலூரில் சின்ன ஃபேப்ரிகேஷன் யூனிட். பெரிய கம்பெனி ஒன்று எட்டு மாசமாகப் பில் பாஸ் ஆகவில்லை என்று இழுக்கிறது. கேஸ் போட்டால் அடுத்த ஆர்டர் வராதே?
வாசகர், திருமங்கலம்

எட்டு மாசம் பணம் தராத ஆர்டர் உங்கள் காசில் அவர்கள் செய்யும் வியாபாரம். சிறு தொழில்களுக்கு அரசு தரும் உத்யம் பதிவு இருக்கிறதா? இருந்தால் 2006ஆம் வருஷத்து எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டம் உங்கள் பக்கம். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரக்கை ஏற்றுக்கொண்டதிலிருந்து 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாசா மாசம் கூட்டு வட்டி. இதற்கென்று இருக்கும் வசதிக் குழு மதுரையிலேயே உட்காருகிறது, சென்னைக்கு ஓட வேண்டாம். அங்கே உத்தரவு வந்தால் அதை எதிர்த்துப் போக அவர்கள் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும், அந்த ஒரு விதிக்காகவே பல கம்பெனிகள் பேச வரும். பதிவு இல்லை என்றால் அடுத்த பில் போடுவதற்கு முன்னால் பதிவு செய்யுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. டெலிவரி சலானில் அவர்கள் சீலும் தேதியும் இல்லாமல் லாரியைத் திருப்பாதீர்கள். குழுவின் முன்னால் அந்தச் சலான்தான் பேசும்.

சீனியரிடம் ஐந்து வருஷம் இருந்துவிட்டேன் அக்கா. திருமங்கலத்தில் தனியாக ஆபீஸ் போடலாம் என்று யோசனை. குடும்பம், சிறு வியாபாரம் இரண்டையும் பார்த்தால் தாக்குப்பிடிக்க முடியுமா? ஏதாவது ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.
இளம் வழக்கறிஞர், திருமங்கலம்

தம்பி, நம் ஊரில் இரண்டையும் பிரிக்கவே முடியாது. கடை லைசென்ஸ் அப்பா பேரில், கட்டடம் சித்தப்பா பேரில், பேங்க் லோனுக்கு ஈடு அம்மா வீடு, முதல் போட்டது வீட்டுக்காரி நகையை அடகு வைத்து, பார்ட்னர் மச்சான். கடையில் சண்டை வந்தால் மறு மாசம் ஜீவனாம்ச வழக்கு வருகிறது. ஒன்றை மட்டும் பார்க்கிற வக்கீலுக்குப் பாதிக் கதைதான் தெரியும். முழுக் குடும்பத்தையும் தெரிந்த தனி வக்கீலுக்கு இங்கே எப்போதும் இடம் உண்டு.

தாக்குப்பிடிக்க, ஆறு மாசச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். ஃபீஸை எழுத்தில் பேசுங்கள், நோட்டீசுக்கு இவ்வளவு, தாக்கலுக்கு இவ்வளவு, சாட்சி விசாரணைக்கு இவ்வளவு என்று பிரித்து. ஜெயித்தால் சொத்தில் இவ்வளவு பங்கு என்று பேசவே கூடாது, பார் கவுன்சில் விதியே அதைத் தடுக்கிறது. கட்சிக்காரர் பணத்தை உங்கள் பணத்தோடு கலக்காதீர்கள், ஒரு நாள்கூட. இழப்பீட்டுத் தொகை உங்கள் கணக்கில் இரண்டு நாள் தங்கினால் அவருக்கு இரண்டு இரவு தூக்கம் போகும்.

தனி ஆளுக்கு உண்மையான ஆபத்து காய்ச்சல்தான். எனக்கு ஒரு தடவை அது நடந்தது. ஆபீஸ் தொடங்கிய மூன்றாவது வருஷம், டெங்குவில் நாலு நாள் எழுந்திரிக்க முடியவில்லை, குமாஸ்தாவும் ஊருக்குப் போயிருந்தார். வாதிக்காக நான் நடத்திய ஒரு பாக வழக்கு அன்று கூப்பிட்டபோது யாரும் இல்லை, ஆஜராகாததால் தள்ளுபடி. மறுநாள் மாலை தெரிந்ததும் முதல் வேலையாகக் கட்சிக்காரருக்குப் போன் செய்தேன், "என் தப்பு, வழக்கு தள்ளுபடியாகிவிட்டது, 30 நாளைக்குள் மனுப் போட்டால் திரும்ப எடுக்கலாம், செலவு என்னுடையது" என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றுமே பேசவில்லை, அப்புறம், "ஒடம்பப் பாருங்கம்மா" என்று சொல்லி வைத்துவிட்டார். மெடிக்கல் சர்டிஃபிகேட்டோடு ஒன்பதாவது நாள் மனுப் போட்டோம், வழக்கு மறுபடி எண்ணுக்கு வந்தது.

அன்றிலிருந்து என்னைப் போலவே தனியாக இருக்கும் இரண்டு வக்கீல்களோடு ஒரு ஏற்பாடு. யாருக்கு முடியவில்லை என்றாலும் காலை எட்டு மணிக்குள் ஒரு மெசேஜ், மற்றவர் போய் வாய்தா வாங்குவார். இ-கோர்ட்ஸ் செயலியில் என் வழக்குகள் எல்லாம் ஏற்றி வைத்திருக்கிறேன், ஆனாலும் காகித டைரியை விடவில்லை, ராத்திரி படுக்கும் முன் மறுநாள் பக்கத்தைக் குமாஸ்தாவும் நானும் தனித்தனியாகப் பார்த்துவிடுவோம். முதல் மாசமே உங்களுக்கும் அப்படி இரண்டு பேரைத் தேடிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் வழக்கே தேவைப்படாது. ஒரு நோட்டீஸ், ஒரு ஒப்பந்தம், சில நேரம், "இது நிக்காதுங்க, வீட்டுக்குப் போங்க" என்ற ஒரு வார்த்தை. அன்றைக்குச் சில்லறைதான் கிடைக்கும், ஆனால் அடுத்த வருஷம் அவர் மாமனாரைக் கூட்டிக்கொண்டு வருவார்.

முன்பு இருந்த வக்கீலை மாற்ற வேண்டும். ஃபீஸ் பாக்கி என்று கேஸ் கட்டைத் தரமாட்டேன் என்கிறார்.
வாசகி, வில்லாபுரம்

கட்டு உங்களுடையது. ஃபீஸ் பாக்கிக்காக வழக்குக் காகிதங்களைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று சுப்ரீம் கோர்ட் 2000-லேயே சொல்லிவிட்டது. நியாயமான பாக்கி இருந்தால் கொடுத்து ரசீது வாங்குங்கள், வக்காலத்தில் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்குங்கள், மறுத்தால் புது வக்கீல் மூலம் கோர்ட்டையே கேட்கலாம். இனிமேல் கொடுக்கும் ஒவ்வொரு அசல் பத்திரத்துக்கும் ஒரு ஜெராக்ஸ் வீட்டில் இருக்கட்டும்.

நானும் மச்சானும் சேர்ந்து அப்பளக் கம்பெனி நடத்துகிறோம். எழுத்து ஒன்றும் இல்லை. வேண்டுமா?
வாசகர், ஜெய்ஹிந்துபுரம்

வேண்டும், நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே வேண்டும். யார் எவ்வளவு முதல், லாபம் எப்படி, ஒருவர் விலகினால் கணக்கு எப்படி, பிராண்ட் பெயர் யாருக்கு. எழுதிப் பதிவும் செய்யுங்கள். 1932ஆம் வருஷக் கூட்டு வணிகச் சட்டத்தில், பதிவு செய்யாத கூட்டு நிறுவனம் கடைக்காரரிடம் பாக்கியை வசூலிக்க வழக்குப் போட முடியாது. மாவட்டப் பதிவாளர் ஆபீசில் முடிகிற வேலை.

பாட்டி தன் வீட்டை மாமா பேருக்கு செட்டில்மெண்ட் எழுதப் போகிறார். எழுதி வாங்கிய பிறகு கவனிக்காமல் விட்டுவிடுவார்களோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. நான் பேத்தி, நான் பேசினால் சொத்துக்குப் பேசுவதாக நினைப்பார்கள்.
வாசகி, அவனியாபுரம்

நீ பேசுவது சொத்துக்கு இல்லை என்பது எனக்குப் புரிகிறது பாப்பா. எழுத வேண்டாம் என்று சொல்லாதே, எப்படி எழுதுவது என்று மட்டும் பேசு. இரண்டு வரிகள் பத்திரத்தில் இருக்க வேண்டும். ஒன்று, பாட்டி உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் குடியிருக்கவும் வாடகை வந்தால் அனுபவிக்கவும் அவருக்கே உரிமை என்று. இரண்டு, சாப்பாடு, மருந்து, பராமரிப்பு மாமா செய்ய வேண்டும், அந்த நிபந்தனையோடுதான் எழுதிக் கொடுக்கிறேன் என்று. இரண்டாவது வரி இருந்து, பிறகு அவர் கவனிக்கவில்லை என்றால் 2007ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டம் 23வது பிரிவில் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்துப் பத்திரத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். அந்த வரி இல்லாமல் வெறும் "அன்பின் காரணமாக" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்து அழுதவர்களுக்காக அலைந்திருக்கிறேன், ரொம்பக் கஷ்டம். செலவைப் பற்றிக் கவலை வேண்டாம், குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கு 2023 ஜூலையில் மாற்றிய கணக்குப்படி முத்திரைத்தீர்வை ஒரு சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம், அதிகபட்சம் 10,000. இந்த இரண்டு வரி சேர்ப்பதால் அது கூடாது.

மாமா கூட்டிப்போகும் வக்கீலாக இருந்தாலும் பரவாயில்லை. பாட்டியிடம் அவர் தனியாக ஒரு கால் மணி நேரம் பேச வேண்டும், அறையில் மாமாவும் இருக்கக் கூடாது, நீயும் இருக்கக் கூடாது. நான் அப்படித்தான் செய்வேன், கதவைச் சாத்திவிட்டு, "ஆத்தா, இது உங்க இஷ்டமா, அவங்க இஷ்டமா" என்று கேட்பேன், சில பேர் அப்போதுதான் வாயைத் திறப்பார்கள். அப்புறம் பத்திரத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பாட்டி காதில் விழுகிற மாதிரி வாய்விட்டுப் படிக்கச் சொல். பாட்டியின் கண்ணாடியை மறக்காமல் எடுத்துப் பையில் வை.